மீதிச் செங்கல்

அன்று சனிக்கிழமை. ஸ்டேஷன் ரோட்டில், மருந்துக்கடை மாடியில் இருந்தவர்கள் இவர்கள்: பொம்மை வீடு கட்டக் கற்றுக்கொடுக்கும் ஹெப்சிபா டீச்சர். தீப்பெட்டி ஆபீஸில் கணக்கு எழுதும் சங்கரவடிவு. கொலுவில் வைக்க ஓர் ஓட்டு வீடு செய்துகொண்டிருந்தாள். காலேஜில் படிக்கும் ரிஸ்வானா. ரயில்வேயில் கேட் கீப்பராக இருந்து ஓய்வுபெற்ற அனஞ்சபெருமாள். அவர் மனைவி ஆவுடையம்மாள். ஆக ஐந்து பேர்.

ஆவுடையம்மாளை எண்ணிக்கையில் சேர்க்கச் சிலர் மறந்துவிடுவார்கள். அவள் ஜன்னலோரம் நாற்காலியில், மடியில் ஒரு துணிப்பையை வைத்துக்கொண்டு, பேசாமல் உட்கார்ந்திருப்பாள்.

மேஜைமேல் அனஞ்சபெருமாள் கட்டிய வீடு இருந்தது. ஒரு முழ உயரம். அடியில் கருங்கல், மேலே செங்கல், ஒரு கதவு, இரண்டு ஜன்னல். வாசலைத் தாண்டி ஒரு சாண் பலகை சும்மா கிடந்தது. அதில் கறுப்பு அடித்து, தார் ரோடு என்று விட்டிருந்தார்.

கல்லும் இல்லை, செங்கல்லும் இல்லை. எல்லாம் காகிதக் களிமண். பழைய பேப்பரைக் கிழித்து ஊறவைத்து, இடித்துப் பிழிந்து, சாக்குக்கட்டிப் பொடியும் மரப்பசையும் சேர்த்துப் பிசைந்தது. பாட்டிலை உருட்டித் தகடாக்கி, ஸ்கேலை வைத்து அறுத்தால் விரல் நகம் அகலத்தில் செங்கல். நிழலில் காயவேண்டும். வெயிலில் வைத்தால் வெற்றிலைபோல வளைந்துவிடும்.

இதையெல்லாம் அவர் ஹெப்சிபா டீச்சரிடம் கற்றார். டீச்சருக்கு நாற்பத்தொன்று. அவருக்கு அறுபத்தாறு. இருந்தாலும் வகுப்புக்குள் நுழையும்போது செருப்பைக் கழற்றி வாசலில் விட்டுவிட்டுத்தான் வருவார். "மாடிப்படி அழுக்கா கிடக்கு, போட்டுட்டே வாங்க அண்ணாச்சி" என்று டீச்சர் சொல்லிப் பார்த்தாள். அவர் கேட்கவில்லை.

முதல் நாளே அவர் ஒரு கேள்வி கேட்டார்.

"டீச்சர், காகிதத்தை எடுத்துக் கல்லுங்கோம். செங்கல்லுங்கோம். இது பொய்தானே?"

"நாளைக்கு வரும்போது தண்டவாளத்துல கிடக்குற ஜல்லி ஒண்ணு எடுத்துட்டு வாங்க" என்றாள் டீச்சர்.

எடுத்து வந்தார். டீச்சர் ஈரக் களிமண்ணை ஒரு தகடாகத் தட்டி அவர் முன்னால் வைத்தாள்.

"அமுக்குங்க."

அமுக்கினார். எடுத்தபோது ஜல்லியின் முகம் களிமண்ணில் இருந்தது. சொரசொரப்பு, ஒரு மூலையில் உடைந்த சில்லு, ஒரு கோடு.

"இதுல எது பொய்யி?" என்றாள் டீச்சர்.

அவர் ஜல்லியைப் பார்த்தார். களிமண்ணைப் பார்த்தார். அடிக்கல் வரிசை முழுவதும் அந்த ஒரே ஜல்லியைத் திருப்பித் திருப்பி அமுக்கித்தான் செய்தார். ஆனால் கேள்வி அவரை விட்டுப் போகவில்லை.

போகாததற்குக் காரணம் இருந்தது.

இருபத்திரண்டு வருஷம் அவர்கள் குடியிருந்தது ரயில்வே கேட்டை ஒட்டிய வீட்டில். கருங்கல் அஸ்திவாரம், செங்கல் சுவர், வெள்ளைக்காரன் காலத்துக் கட்டடம். பக்கத்தில் ஊர் கிடையாது. தண்ணீர் கிடையாது. கரிசல் காடும் தண்டவாளமும்தான். பிறகு மேம்பாலம் வந்தது. கேட் போயிற்று. வீட்டையும் இடித்துவிட்டார்கள். அவர்கள் ஊருக்குள் வாடகை வீட்டுக்கு வந்துவிட்டார்கள்.

ஆவுடையம்மாளுக்கு மறதி வந்தது அதற்குப் பிறகு. முதலில் உப்பை மறந்தாள். பிறகு பக்கத்து வீட்டுக்காரி பெயரை. பிறகு தெருவை. மறக்காதது ஒன்றே ஒன்று. சாயங்காலம் ஆறு மணி தாண்டினால் பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிடுவாள்.

"எங்க போற?"

"கேட்டுக்கு."

"அது இல்ல ஆவுடை. இடிச்சாச்சு."

"நேரமாச்சு, விடுங்க."

போன மாதம் அவர் குளித்துக்கொண்டிருந்தபோது போய்விட்டாள். பாலத்துக்குக் கீழே, கேட் இருந்த இடத்தில், இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவில் நின்றிருக்கிறாள். தண்டவாளம் பார்க்கிற ரயில்வே ஆட்கள் இரண்டு பேர் கையைப் பிடித்து இழுத்தார்கள். ஆறு பத்து பாசஞ்சர் அதற்குப் பின்னால் கடந்து போயிற்று.

அன்றிலிருந்து கதவுக்குப் பூட்டு. பூட்டினால் அவள் கதவை அடிப்பாள். கை வீங்கும்வரை அடிப்பாள். மகன் சென்னையிலிருந்து பேசி, ஓர் இல்லத்தில் ஏற்பாடு செய்தான். திங்கட்கிழமை காலையில் வேன் வரும். இல்லத்தின் விலாச அட்டையை அனஞ்சபெருமாள் சட்டைப்பையில் வைத்திருந்தார்.

அவர் யோசனை இதுதான். அவள் தேடுவது வீட்டை. வீட்டைக் கட்டி வீட்டுக்குள்ளேயே வைத்துவிட்டால் எதற்கு வெளியே போகப்போகிறாள்?

சனிக்கிழமை வந்ததும் டீச்சரிடம் சொன்னார்.

"வழக்கமா அஞ்சு மணிக்கே கூட்டிட்டுப் போயிருவேன் டீச்சர். இன்னைக்கு ஆறு பத்து வரைக்கும் இங்கயே இருக்கோம். வீட்டைக் காட்டப் போறேன். பாத்துட்டு உக்காந்தான்னா என்கூட இருப்பா. எந்திரிச்சான்னா திங்கக்கிழமை வேன்ல அனுப்பிருவேன்."

"இப்படி முடிவு பண்ணதை யாருகிட்ட சொன்னீங்க?"

"என்கிட்டயே சொல்லிக்கிட்டேன்."

கடைசி வரிசையில் நாலு செங்கல் பாக்கி இருந்தது. ஒட்டினார். இடுக்கில் சாம்பல் நிறத்தைத் தேய்த்துத் துடைத்தார். நன்றாக வெந்த செங்கல்லுக்கு ஒரு சிவப்பு, வேகாத செங்கல்லுக்கு ஒரு சிவப்பு, மழை குடித்ததற்கு ஒரு சிவப்பு என்று மூன்று கிண்ணம் வைத்திருந்தார்.

"அண்ணாச்சி, எங்க வீட்டைக் கட்டுன கொத்தனார் இம்புட்டுப் பாக்கலையே" என்றாள் சங்கரவடிவு. "மழை பேஞ்சா அடுப்படியில குடை பிடிக்கேன்."

"ஒங்க ஓட்டு வீட்டுலயும் மூணு ஓடு வெலகிருக்கு அக்கா" என்றாள் ரிஸ்வானா.

"அது காத்துக்கு விட்டது. வாயை மூடிக்கிட்டு பெயிண்டை அடி."

அனஞ்சபெருமாள் சிரிக்கவில்லை. தட்டிலிருந்த செங்கல்லை எண்ணிக்கொண்டிருந்தார்.

"எத்தனை அறுத்தீங்க?" என்றாள் டீச்சர்.

"ஆயிரத்து இருநூறு."

"செவரு எவ்வளவு தின்னுச்சு?"

"ஆயிரத்து நூத்து நாப்பது. அறுபது மிச்சம்." கொஞ்சம் வெட்கப்பட்டுக்கொண்டே சொன்னார். "தண்ணியில போட்டுக் கரைச்சிரட்டுமா டீச்சர்? மறுபடியும் களியாயிரும்."

"இருக்கட்டும்."

மணி நாலே முக்கால். அவர் ஆவுடையம்மாளின் கையைப் பிடித்து மேஜைக்கு அழைத்து வந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டார். அவள் பையோடு உட்கார்ந்தாள்.

"பாரு."

அவள் பார்த்தாள். குனிந்து ஜன்னல் வழியாக உள்ளே பார்த்தாள். அடிக்கல்லின்மேல் விரலை ஓட்டினாள். செங்கல்லைத் தட்டிப் பார்த்தாள். சங்கரவடிவும் ரிஸ்வானாவும் கையிலிருந்த வேலையை நிறுத்திவிட்டார்கள்.

"நம்ம வீடு" என்றார் அவர். "தெரியுதா? நம்ம கேட் வீடு."

"இது பொம்மையில்லா" என்றாள் ஆவுடையம்மாள்.

அவர் வீட்டை அவள் பக்கம் இன்னும் கொஞ்சம் நகர்த்தினார்.

"நம்ம வீட்டத்தான் இடிச்சிட்டாங்களே. நீங்கதான சொன்னீங்க. தெனமும் சொல்லுதீகளே." அவள் பலகையை ஒரு சுற்றுப் பார்த்தாள். பிறகு அவரை நிமிர்ந்து பார்த்தாள். "கேட்டை எங்க?"

"என்ன?"

"கேட் வீட்டக் கட்டிருக்கீக. கேட்டை எங்க? களவு குடுத்துட்டீகளா?"

ரிஸ்வானா வாயைப் பொத்திக்கொண்டாள். அனஞ்சபெருமாள் பலகையைப் பார்த்தார். வீட்டு வாசலில் கிடந்த சவுக்குக்கட்டையைச் செய்திருந்தார். துணி காயப்போடும் கொடியைச் செய்திருந்தார். கோழிக்கூண்டைக்கூடச் செய்திருந்தார். கேட் நினைவுக்கு வரவே இல்லை. இருபத்திரண்டு வருஷம் கேட்டுக்குச் சம்பளம் வாங்கியவர் அவர்.

டீச்சர் மீதிச் செங்கல் தட்டை எடுத்தாள். ஆவுடையம்மாள் முன்னால் வைத்தாள். பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் பசை, அதைத் தொட்டுத் தடவ ஒரு தீக்குச்சி.

"நீங்களே வச்சிருங்க அக்கா" என்றாள்.

"அவளுக்கு வராது டீச்சர்" என்றார் அவர். "சட்டைப் பித்தானே போடத் தெரியல."

டீச்சர் அவர் பக்கம் திரும்பவில்லை.

ஆவுடையம்மாள் ஒரு செங்கல்லை எடுத்தாள். வாயில் போட்டுக் கடித்துப் பார்த்தாள். தூவென்று துப்பினாள்.

"உப்பே இல்ல."

"களிக்கு யாரு அக்கா உப்புப் போடுவா?" என்றாள் சங்கரவடிவு.

"நான் போடுவேன்" என்றாள் ஆவுடையம்மாள்.

பிறகு பையை மடியிலிருந்து இறக்காமலே வேலையை ஆரம்பித்தாள். கறுப்பு ரோட்டின் ஓர் ஓரத்தில் இரண்டு செங்கல் பக்கம் பக்கமாக. பசை. அதன்மேல் இரண்டு, குறுக்காக. பசை. மறுபடியும் நேராக. யாரும் சொல்லித்தரவில்லை. நாலாவது வரிசையில் ஒரு செங்கல் வெளியே துருத்திக்கொண்டு நின்றது. அனஞ்சபெருமாள் அதைத் தள்ளிவிடக் கையை நீட்டினார்.

"கையை எடுங்க அண்ணாச்சி" என்றாள் டீச்சர்.

எடுத்துக்கொண்டார்.

ஒரு தூண் நின்றது. பன்னிரண்டு வரிசை. ரோட்டின் எதிர் ஓரத்தில் இன்னொன்றை ஆரம்பித்தாள். கொஞ்சம் சாய்வு. ஆனால் விழவில்லை. அவர் சும்மா உட்கார்ந்து அவள் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கை தேடவில்லை. தடுமாறவில்லை. இதற்குப் பிறகு அது என்று தெரிந்து நகர்ந்தது.

"அக்காவுக்கு இதெல்லாம் பழக்கமா?" என்று ரிஸ்வானா மெதுவாகக் கேட்டாள்.

"செங்கல் வேலை தெரியாது." அவர் யோசித்தார். "கேட் தெரியும்."

"நீங்கதானே கேட் கீப்பர்?"

"நான்தான். ஆனா..." அவர் டீச்சரைப் பார்த்தார். "அங்க தண்ணி கிடையாது. சாயங்காலம் ரெண்டு குடத்தை சைக்கிள்ல கட்டிட்டு அடுத்த ஊருக் கிணத்துக்குப் போவேன். ஆறு பத்து பாசஞ்சருக்கு நான் இருக்க மாட்டேன். அவதான் சக்கரத்தைச் சுத்தி கேட்டை அடைப்பா. கொடி காட்டுவா. அனுப்பிட்டுத் திறந்து விடுவா."

"எத்தனை நாளு?"

"தெனமும்."

"இருபத்திரண்டு வருஷமுமா?"

"இருபத்திரண்டு வருஷமும்." சொல்லிவிட்டு அவர் வாயைத் திறந்தபடி இருந்தார். இதை இதற்குமுன் யாரிடமும் சொன்னதில்லை. ரயில்வேக்குத் தெரிந்தால் வேலை போய்விடும் என்று சொல்லாமல் இருந்தார். பிறகு சொல்லாமலே இருந்து அவருக்கும் மறந்துவிட்டது.

மணி ஆறு. இரண்டாவது தூணும் நின்றது. ஆவுடையம்மாள் விரலில் இருந்த பசையை முந்தானையில் துடைத்தாள். வகுப்பு முடிந்தும் மற்ற இருவரும் கிளம்பவில்லை. சங்கரவடிவு கைப்பையைத் தோளில் மாட்டியபடி நின்றுகொண்டே இருந்தாள்.

ஆறு ஐந்து. அனஞ்சபெருமாள் எழுந்துபோய் மாடிக்கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டார். கதவோரமே நின்றார்.

தூரத்தில் ரயில் ஊதியது.

ஆவுடையம்மாள் பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

அவர் கதவில் முதுகைச் சாய்த்தார். சட்டைப்பையில் அந்த அட்டை குத்தியது.

"ஆவுடை, உக்காரு."

"நேரமாச்சு."

"உக்காரு தாயி. சொன்னாக் கேளு."

"ரயில் வருது. விடுங்க."

டீச்சர் கதவுக்கு வந்தாள். அவரைத் தோளைத் தொட்டு ஒதுக்கினாள். தாழ்ப்பாளை எடுத்தாள். கதவை அகலத் திறந்து வைத்தாள். வெளியே படிக்கட்டு தெரிந்தது. படிக்குக் கீழே தெரு.

"டீச்சர்!" என்றார் அவர்.

டீச்சர் ஓரமாக நின்றாள்.

ஆவுடையம்மாள் இரண்டு எட்டு வைத்தாள். திறந்திருந்த கதவைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். திரும்பி மேஜையைப் பார்த்தாள். இரண்டு தூணும் நின்றன. நடுவில் ரோடு திறந்து கிடந்தது.

"திறந்துல்லா கெடக்கு" என்றாள்.

வேகமாக மேஜைக்கு வந்தாள். ரிஸ்வானாவின் கையிலிருந்த பெயிண்ட் பிரஷ்ஷை, "தா" என்று பிடுங்கினாள். இந்தத் தூணிலிருந்து அந்தத் தூணுக்குக் குறுக்கே வைத்தாள். விரலால் தட்டிப் பார்த்தாள். அசையவில்லை.

பிறகு பையைத் திறந்தாள்.

அந்தப் பையில் மாற்றுச் சேலை இருக்கிறது என்றுதான் அவர் நினைத்திருந்தார். வீட்டுக்குப் போகிறவள் வேறென்ன எடுத்து வைப்பாள்? ஒருநாளும் திறந்து பார்த்ததில்லை.

உள்ளே இருந்தது ஒரு பச்சைத் துணி. மடிப்புக் கலையாமல் இருந்தது. ஒரு டார்ச் லைட். வேறு எதுவும் இல்லை.

ஆவுடையம்மாள் பச்சைத் துணியைப் பிரித்து, ஜன்னலுக்குப் பக்கத்தில் போய், கையை நீட்டிப் பிடித்தாள். நெஞ்சு நிமிர்ந்தது. ரயில் ஸ்டேஷனை விட்டுக் கிளம்பி மருந்துக்கடைக்குப் பின்னால் கடந்து போயிற்று. மேஜை அதிர்ந்தது. கிண்ணத்தில் பசை அதிர்ந்தது. கடைசிப் பெட்டி போய்ச் சத்தம் அடங்கும்வரை அவள் கையை இறக்கவில்லை.

அடங்கியது.

அவள் துணியை மடித்தாள். வந்து பிரஷ்ஷைத் தூக்கி ரிஸ்வானாவிடம் கொடுத்தாள். ரோட்டைப் பார்த்து, "போங்கப்பா, போங்க. மாட்டுவண்டி முதல்ல போகட்டும்" என்றாள். நாற்காலியில் உட்கார்ந்தாள். நெற்றியைத் துடைத்தாள். அனஞ்சபெருமாளைப் பார்த்துக் கேட்டாள்.

"தண்ணி கொண்டாந்துட்டீகளா?"

சங்கரவடிவு முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். டீச்சர் மண்பானையைக் கண்ணால் காட்டினாள். அவர் போய் ஒரு டம்ளர் மோந்து, இரண்டு கையாலும் பிடித்துக் கொண்டுவந்து மனைவியிடம் கொடுத்தார்.

"கொண்டாந்துட்டேன்" என்றார்.

அவள் குடித்தாள். பாதியை அவருக்கு வைத்தாள்.

திறந்திருந்த கதவு அப்படியே திறந்திருந்தது. ஒருவரும் அதைப் பார்க்கவில்லை.

சங்கரவடிவும் ரிஸ்வானாவும் சொல்லிக்கொண்டு கிளம்பினார்கள். டீச்சர் மேஜையைத் துடைத்தாள். அனஞ்சபெருமாள் பக்கத்தில் வந்து நின்றார்.

"டீச்சர்."

"சொல்லுங்க."

"நாளைக்கும் இதேதான் செய்வா. நாளன்னைக்கும். நானும் பிரஷ்ஷை வச்சு, கேட் அடைச்சாச்சு, கேட் திறந்தாச்சுன்னு கூடச் சொல்லிக்கிட்டே இருக்கணும்." அவர் குரலைத் தாழ்த்தினார். "இது பொய்தானே?"

டீச்சர் துணியைக் கீழே வைத்தாள்.

"ரயில் போயிருச்சா அண்ணாச்சி?"

"போயிருச்சு."

"கேட் அடைச்சிருந்துச்சா?"

அவர் இரண்டு தூணையும் பார்த்தார். ஒன்று நேர். ஒன்று சாய்வு.

"அடைச்சிருந்துச்சு."

"பெறகென்ன" என்றாள் டீச்சர்.

அவர் சட்டைப்பையிலிருந்து அந்த விலாச அட்டையை எடுத்தார். நடுவில் மடித்தார். ஓரத்தை மடித்தார். தட்டில் கிடந்த செங்கல்லை ஒவ்வொன்றாக எடுத்து அதற்குள் வைத்துப் பொதிந்தார். தூண்களுக்கு நாற்பத்தெட்டு போயிருந்தது. ஒன்றை ஆவுடை கடித்துத் துப்பியிருந்தாள்.

மீதி பதினொன்று.